பின்பக்கப் படிக்கட்டை வெட்டாதீர்கள்: மேன்ஷன், ஹாஸ்டல் உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

பழைய வீடுகளை வாங்கியும் குத்தகைக்கு எடுத்தும் மேன்ஷனாகவும் ஹாஸ்டலாகவும் மாற்றி நடத்தும் சென்னை உரிமையாளர்களுக்கு,

வணக்கம்.

நான் ஒரு கட்டடப் பொறியாளர். இருபத்தாறு வருஷமாகத் திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் பக்கம் பழைய வீடுகளுக்கு மராமத்து வேலை செய்துவருகிறேன். உங்களில் சிலருக்கு நானே வேலை செய்து கொடுத்திருக்கிறேன். கல்லூரி திறப்பதற்குள் அறைகள் தயாராக வேண்டும் என்று ஏப்ரலிலும் மே மாதத்திலும்தான் நீங்கள் சுவரை இடிக்க ஆரம்பிப்பீர்கள். சுத்தியலை எடுப்பதற்கு முன்னால் உங்கள் கையில் இந்தக் கடிதம் கிடைக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

2011-ல் நான் செய்த ஒரு வேலையிலிருந்து தொடங்குகிறேன். திருவல்லிக்கேணியில் மூன்று தளங்கள் கொண்ட ஒரு வீடு. மெட்ராஸ் டெரஸ் கூரை: தேக்குக் கட்டைகள், அவற்றின் மேல் குத்துக்கல்லாக அடுக்கிய செங்கல், அதற்கு மேல் சுண்ணாம்பு ஜல்லி. முன்பக்கம் ஒரு மரப் படிக்கட்டு. கொல்லைப்பக்கம், சுவரை ஒட்டி, இரும்பில் வார்த்த சுருள் படிக்கட்டு ஒன்று தரையிலிருந்து மொட்டை மாடி வரை போனது.

அந்தச் சுருள் படிக்கட்டு ஏன் அங்கே வந்தது என்று தெருவில் இருந்த பெரியவர்கள் சொன்னார்கள். மலத்தைக் கையால் அள்ளி எடுத்துப் போன எடுப்புக் கக்கூஸ் காலம். மாடிக் கக்கூஸைச் சுத்தம் செய்ய வருகிறவர்கள் வீட்டுக்குள் கால் வைக்கக் கூடாது என்பதற்காகவே பின்னால் தனியாக ஏறி இறங்கும் வழி வைத்தார்கள். மனிதரை மனிதர் தள்ளி வைத்ததற்கு அது சாட்சி. அதை நினைத்தால் இப்போதும் மனசு கூசுகிறது. ஆனால் ஃபிளஷ் கழிவறை வந்த பிறகும் அந்தப் படிக்கட்டு நின்றது. அந்த வீட்டில் இருந்தவர்களுக்கு வெளியே போக இரண்டாவதாக இருந்த ஒரே வழி அதுதான் என்பதை அன்றைக்கு யாரும் யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை.

உரிமையாளர் அந்த இடத்தில் தளத்துக்கு ஒரு குளியலறை கேட்டார். கேஸ் கட்டர்காரரை வரவழைத்தேன். வெட்டி இறக்க ஒன்றரை நாள் ஆனது. ஒவ்வொரு படியிலும் பூ வேலைப்பாடு துளைத்துத் துளைத்து வார்த்திருந்தது. பழைய இரும்புக்காரர் தராசில் போட்டு எடுத்துக்கொண்டு போனார். சுவருக்குள் புதைந்திருந்த நான்கு இரும்புத் தாங்கிகளைப் பிடுங்கினால் சுவர் பெயரும் என்று, சுவரோடு சுவராக அறுத்துவிட்டுப் பூசச் சொன்னேன். வேலை சுத்தமாக முடிந்தது என்று பாராட்டுக் கிடைத்தது.

மூன்று வருஷம் கழித்து, ராத்திரி இரண்டு மணிக்கு, அந்த மரப் படிக்கட்டின் அடியில் இருந்த மீட்டர் போர்டில் தீப் பிடித்தது. எட்டுப் பேர் வாழ்வதற்காகக் கட்டிய வீட்டில் அன்றைக்கு நாற்பத்தொரு பேர் படுத்திருந்தார்கள். படிக்கட்டுக் கதவைத் திறந்தவர்கள் முகத்தில் கறுப்புப் புகை அடித்தது. கீழே போக வழியில்லை. மேலே ஓடினார்கள். மொட்டை மாடிக் கதவு பூட்டியிருந்தது, சாவி கீழே மேனேஜரிடம். அரசுத் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்த பையன் ஒருவன் டம்பெல்லை எடுத்துவந்து பூட்டை உடைத்தான். கைப்பிடிச் சுவரைத் தாண்டி, ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு, பக்கத்து வீட்டு மாடிக்கு இறங்கினார்கள். உயிர் போகவில்லை. அந்தப் பையனிடம் டம்பெல் இல்லாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று நான் இன்றைக்கும் நினைத்துப் பார்க்கிறேன்.

மறுநாள் காலையில் போய்ப் பார்த்தேன். கொல்லைப்புறச் சுவரில் பூச்சு விட்டுப்போய், நான் அறுக்கச் சொன்ன நான்கு இரும்புத் துண்டுகளும் துருவேறி வெளியே தெரிந்தன. நான் மறுத்திருக்க வேண்டும். மறுத்திருந்தால் அந்த வேலை என் கையை விட்டுப் போயிருக்கும், அவ்வளவுதான்.

அதனால்தான் உங்களிடம் இதைக் கேட்கிறேன். பழைய கட்டடத்தைப் புதுப்பிக்கும்போது எத்தனை அறை கிடைக்கும், எத்தனை கட்டில் போடலாம் என்று கணக்குப் பார்ப்பதற்கு முன்னால், எத்தனை படிக்கட்டு இருக்கிறது என்று பாருங்கள். இரண்டு இருந்தால் இரண்டையும் காப்பாற்றுங்கள். ஒன்றுதான் இருந்தால் இன்னொன்றுக்கு இடம் தேடுங்கள். நான் பார்த்தவரை, மராமத்து என்று ஆரம்பித்தாலே ஆட்கள் ஐந்து மடங்கு ஆகிறார்கள், வெளியே போகும் வழிகள் பாதியாகின்றன. இரண்டும் ஒரே பிளானில், ஒரே பென்சிலில் நடக்கின்றன.

தீ விபத்து என்றால் நம் கண்ணில் நெருப்புத்தான் தெரியும். ஆளைக் கொல்வது பெரும்பாலும் புகை. தூங்குகிறவரைப் புகை வாசனை எழுப்பிவிடும் என்று நம்பாதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு வாசனை கிடையாது, தூக்கத்தை இன்னும் ஆழமாக்கிவிடும். ஒயர் உறையும் மெத்தைப் பஞ்சும் எரிந்தால் சில மூச்சிலேயே நெஞ்சு அடைக்கும். அந்தப் புகை சூடாக இருப்பதால் மேலே போகத்தான் பார்க்கும். கட்டடத்தில் கீழிருந்து மேல் வரை திறந்து கிடக்கும் இடம் படிக்கட்டு ஒன்றுதான். அடுப்புக்குப் புகைபோக்கி எப்படியோ, தீப்பிடித்த வீட்டுக்குப் படிக்கட்டு அப்படி. நீங்கள் இறங்கி ஓட நம்பியிருக்கும் அதே கூட்டில்தான் புகை ஏறி வருகிறது.

2022 செப்டம்பரில் செகந்திராபாத்தில் நடந்தது அதுதான். கீழே மின்சார ஸ்கூட்டர் ஷோரூம், மேலே தங்கும் விடுதி. கீழே பற்றிய தீயின் புகை மேலே ஏறியது, எட்டுப் பேர் இறந்தார்கள். 2025 மே மாதம் ஹைதராபாத்தில், சார்மினாருக்குப் பக்கத்தில், குல்சார் ஹவுஸ் என்ற பகுதியில் இருந்த பழைய வீடு ஒன்று. கீழே முத்துக் கடைகள், மேலே குடும்பம். கோடை விடுமுறைக்கு உறவுக்காரர்கள் கூடியிருந்த ஞாயிற்றுக்கிழமை காலை. உள்ளே வரவும் வெளியே போகவும் ஒரே குறுகலான வழி. குழந்தைகள் எட்டுப் பேர் உட்பட பதினேழு பேர் போனார்கள். அந்தச் செய்தியில் கட்டடத்தின் படத்தைப் பார்த்தபோது எனக்குத் திருவல்லிக்கேணித் தெருக்கள்தான் ஞாபகம் வந்தன. கீழே கடை, மேலே ஆள், நடுவில் இரண்டரை அடிப் படிக்கட்டு.

நம் ஊருக்கு வருவோம். 2004 ஜனவரி 23 அன்று ஸ்ரீரங்கத்தில் ஒரு கல்யாண மண்டபம், மாடியில் போட்ட ஓலைப் பந்தல், மணமகன் உட்பட ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள். அதே வருஷம் ஜூலை 16, கும்பகோணம், 94 குழந்தைகள். ஆறு மாதத்துக்குள் இரண்டு. அதன் பிறகு தமிழ்நாடு முழுக்கப் பள்ளிக்கூடங்களிலிருந்து ஓலைக் கூரைகளைப் பிரித்து எறிந்தோம். செய்ய வேண்டியதைத்தான் செய்தோம். ஆனால் இரண்டு இடத்திலும் ஓலையோடு கூட இன்னொன்றும் இருந்தது: கூட்டமாக மாடியில் இருந்தவர்கள் இறங்கி வரக் குறுகலான படிக்கட்டு. ஓலையைப் பற்றிக் கற்றுக்கொண்டோம். படிக்கட்டைப் பற்றிக் கற்றுக்கொள்ளவில்லை. கும்பகோணத்தில் ஓலை இருந்தது, எங்களுடையது காங்கிரீட் கட்டடம், எங்களுக்கு என்ன என்று உங்களில் ஒருவர் என்னிடம் கேட்டார். 2024 செப்டம்பரில் மதுரையில் ஒரு பெண்கள் விடுதியில், விடியற்காலையில், ஃபிரிட்ஜிலிருந்து கிளம்பிய தீயில் இரண்டு பெண்கள் இறந்தார்களே, அங்கே ஓலை இல்லை.

சட்டம் என்ன சொல்கிறது என்றும் பார்க்கலாம். 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட விதித்தொகுப்பில் நான்காம் பகுதி முழுக்கத் தீப் பாதுகாப்புதான். குடும்பம் வாழும் வீட்டுக்குப் படிக்கட்டு அகலம் குறைந்தது 1 மீட்டர், அதாவது மூன்றேகால் அடி. தங்கும் ஓட்டல் என்றால் 1.5 மீட்டர், கிட்டத்தட்ட ஐந்து அடி. மீட்டர் போர்டும் கேஸ் பைப்பும் படிக்கட்டுக் கூட்டுக்குள் இருக்கக் கூடாது, சாமான் அறை எதுவும் நேராகப் படிக்கட்டில் திறக்கக் கூடாது. உங்கள் கட்டடத்துக்கு வீடு என்று பிளான் அப்ரூவல் வாங்கி, விடுதியாக நடத்துகிறீர்கள் என்றால், காகிதத்தில் இருக்கும் படிக்கட்டு எட்டுப் பேருக்கானது. பெண்களும் குழந்தைகளும் தங்கும் விடுதிகளுக்கு 2014-லிருந்து தமிழ்நாட்டில் தனிச் சட்டமே இருக்கிறது. அதன்படி பதிவு செய்யப் போகிறவர்கள் சான்றிதழ் வாங்குவதோடு நிறுத்திவிடாமல், அந்தச் சான்றிதழில் எழுதியிருக்கும் வழி நிஜத்தில் திறந்து இருக்கிறதா என்று ஒரு தடவை நடந்து பாருங்கள்.

டேப் எடுக்க நேரமில்லை என்றால் ஒரு சின்ன வழி சொல்கிறேன். காலையில் தண்ணீர் கேன் போடும் பையன் வரும்போது உங்கள் படிக்கட்டில் நில்லுங்கள். இருபது லிட்டர் கேனைத் தோளில் வைத்துக்கொண்டு அவன் ஏறுகிறான். எதிரே ஒருவர் இறங்கி வருகிறார். அவர் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு, வயிற்றை எக்கிக்கொண்டு நின்றால்தான் அவன் கடக்க முடிகிறதா? அப்படியென்றால், மூச்சு விடுவதற்கான காற்றுச் சிலிண்டரை முதுகில் மாட்டிக்கொண்டு, ஹோஸைத் தோளில் போட்டுக்கொண்டு ஒரு தீயணைப்பு வீரர் ஏறும்போது, உங்கள் விடுதியில் இருக்கும் ஒருவரும் இறங்க முடியாது.

பழைய வீட்டில் முற்றம் இருந்ததே, அதையும் சொல்லியாக வேண்டும். வெயிலும் மழையும் உள்ளே வரத்தான் முற்றம் என்று நினைக்கிறோம். புகை வெளியே போகவும் அதுதான் வழி. அடுக்களையில் எதாவது பற்றிக்கொண்டால் புகை முற்றத்து வழியாக வானத்துக்குப் போய்விடும், ஆட்கள் திறந்த வெளியில் நின்று மூச்சு விடலாம். இன்றைக்கு நீங்கள் செய்யும் முதல் வேலை அந்த முற்றத்தை பாலிகார்பனேட் ஷீட் போட்டு மூடி, கீழே டைனிங் ஹால் ஆக்குவது. மூடித்தான் ஆக வேண்டும் என்றால், ஷீட்டை ஒன்றரை அடி உயர்த்தி, நான்கு பக்கமும் லூவர், அதாவது காற்றுப் போகும்படி இடைவெளி விட்ட சாய்வுப் பட்டைகள், வைத்துத் திறந்து விடுங்கள். சாரல் அடிக்கும் என்பீர்கள். கொஞ்சம் அடிக்கட்டும்.

முகப்பில் ஏ.சி.பி. ஷீட், அதாவது இரண்டு அலுமினியத் தகடுகளுக்கு நடுவே வேறு பொருள் வைத்த பலகை, ஒட்டிப் பளபளப்பாக்குகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. லண்டனில் கிரென்ஃபெல் டவர் 1974-ல் கட்டிய இருபத்துநான்கு மாடிக் கட்டடம். 2016-ல் புதுப்பித்து, வெளியே அலுமினியத் தகடு போர்த்தினார்கள். தகடுகளுக்கு நடுவே பாலிஎதிலீன். 2017 ஜூன் 14 அன்று, நான்காம் மாடியில் ஒரு சமையலறையில் ஃபிரிட்ஜில் தொடங்கிய தீ, அந்தப் போர்வையைப் பிடித்து உச்சிக்கு ஏறியது. மொத்தக் கட்டடத்துக்கும் ஒரே படிக்கட்டு. 72 பேர். கட்டி நாற்பது வருஷம் ஒன்றும் ஆகாமல் நின்ற கட்டடம் அது. ஆபத்தைக் கொண்டுவந்தது புதுப்பித்த வேலைதான். நம் கடைகளில் விலை குறைவாகக் கிடைக்கும் ஏ.சி.பி. ஷீட்டை ஓரத்தில் கீறிப் பாருங்கள், நடுவில் இருப்பது பிளாஸ்டிக்.

நீங்கள் என்னிடம் வழக்கமாகச் சொல்லும் பதில்கள் எனக்குத் தெரியும். பின்பக்கம் கதவு வைத்தால் திருடன் வருவான், பெண்கள் விடுதியில் பெற்றோருக்கு யார் பதில் சொல்வது என்று ஒரு அம்மா என்னிடம் கேட்டார். அந்தக் கவலை நியாயமானது, அவர் தன் விடுதிப் பிள்ளைகளைச் சொந்தப் பிள்ளைகளாகப் பார்ப்பவர். அவரிடம் சொன்னதையே உங்களுக்கும் சொல்கிறேன். வெளியிலிருந்து கைப்பிடியே இல்லாத, உள்ளிருந்து குறுக்குக் கம்பியைத் தள்ளினால் திறந்துகொள்ளும் கதவுகள் கடையில் இருக்கின்றன. சினிமா தியேட்டரில் பார்த்திருப்பீர்கள். திறந்தால் மணி அடிக்கும்படி வைக்கலாம், வார்டன் எழுந்து வந்துவிடுவார். பத்து மணிக்குக் கொலாப்சிபிள் கேட்டை இழுத்துப் பூட்டி, சாவியைத் தலையணைக்கு அடியில் வைத்துக்கொண்டு வார்டன் தூங்கும் ஏற்பாட்டைத் தயவுசெய்து இன்றோடு நிறுத்துங்கள். ஜன்னல் கிரில்லிலும் ஒரு பகுதியையாவது கீல் வைத்து உள்ளிருந்து திறக்கும்படி செய்யுங்கள்.

வாஸ்து சொல்கிறவர்களும் உண்டு. ஈசானிய மூலையில் படிக்கட்டு ஆகாது என்று ஒருவர் பின்படிக்கட்டு வேண்டாம் என்றார். வேறு மூலையில் வைத்துக்கொடுத்தேன். உங்கள் நம்பிக்கையோடு எனக்குச் சண்டையில்லை. எந்த மூலை என்பதை நீங்கள் சொல்லுங்கள், வேண்டாம் என்று மட்டும் சொல்லாதீர்கள்.

இடமே இல்லை என்பதுதான் உண்மையான சிக்கல். தோளோடு தோள் ஒட்டி நிற்கும் வீடுகள், பக்கவாட்டில் இரண்டடிச் சந்து. அதற்கும் வழி இருக்கிறது, ஒவ்வொரு வீட்டுக்கும் வேறு வேறு. கொல்லையில் இடம் இருந்தால் இரும்பில் வெளிப்படிக்கட்டு வைக்கலாம். விதிப்படி அகலம் 1.25 மீட்டர், நேரான படிகள், கால் வைக்கும் அகலம் (ட்ரெட்) 25 சென்டிமீட்டர், ஒரு படியின் உயரம் (ரைசர்) 19-க்கு மேல் போகாமல். அதற்குப் போகும் வாசல் உள்படிக்கட்டிலிருந்து தள்ளி இருக்க வேண்டும். பக்கத்திலேயே வைத்தால் ஒரே புகையில் இரண்டும் போய்விடும். பழைய சுருள் படிக்கட்டு உங்கள் வீட்டில் இன்னும் நின்றுகொண்டிருந்தால், அது விதிக்கு முழுசாகப் பொருந்தாது என்பதையும் நேர்மையாகச் சொல்லிவிடுகிறேன். 9 மீட்டர் உயரத்துக்குள், ஆள் குறைவாக உள்ள கட்டடத்துக்குத்தான் சுருள் படி, அதுவும் குறுக்களவு 1.5 மீட்டருக்குக் குறையக் கூடாது. வயதானவர்கள் அதில் இறங்கச் சிரமப்படுவார்கள். ஆனாலும் நல்ல படிக்கட்டு ஒன்று எழும்பும் வரை அதை வெட்டாதீர்கள். துருவைச் சுரண்டி, ஒவ்வொரு படியையும் மிதித்துப் பார்த்து, ஆடுவதை வெல்டு வைத்து, பெயின்ட் அடித்து வையுங்கள்.

கொல்லையும் இல்லை என்றால் மொட்டை மாடி இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரரோடு உட்கார்ந்து பேசுங்கள். இரண்டு வீட்டுக்கும் நடுவில் கைப்பிடிச் சுவரில் ஒரு சின்னக் கதவு வைத்தால் ஆபத்தில் அவருக்கும் வழி, உங்களுக்கும் வழி. எழுத்தில் ஒப்பந்தம் போட்டுக்கொள்ளலாம். 2014-ல் அந்த நாற்பத்தொரு பேரைக் காப்பாற்றியது பக்கத்து மாடிதான். ஆனால் இதை நம்பினால் மாடிக் கதவில் பூட்டு இருக்கக் கூடாது, மேலே போகும் படிக்கட்டில் புகை நிற்கவும் கூடாது. படிக்கட்டு உச்சியில் எப்போதும் திறந்திருக்கும் ஒரு வென்டிலேட்டர், ஒவ்வொரு தளத்திலும் படிக்கட்டுக்கும் வராந்தாவுக்கும் நடுவில் தானாக மூடிக்கொள்ளும் தீத்தடுப்புக் கதவு. அந்தக் கதவுக்குச் செங்கல் முட்டுக் கொடுத்துத் திறந்து வைக்கும் பழக்கத்தை மேனேஜர்கள் விட வேண்டும்.

இது எதுவுமே முடியாத வீடுகளும் இருக்கின்றன. அந்த வீடுகளில் கட்டில்களைக் குறைக்க வேண்டும். வேறு பதில் என்னிடம் இல்லை. வருமானம் குறையும், வங்கிக் கடன் இருக்கும், தெரியும். அப்படிப்பட்ட மூன்று வேலைகளை இந்த இரண்டு வருஷத்தில் நான் வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன். மூன்றையும் வேறு யாரோ செய்தார்கள் என்பது வருத்தம்.

படிக்கட்டு வேலை தொடங்க மாதங்கள் ஆகலாம். மீட்டர் போர்டைப் படிக்கட்டுக்கு அடியிலிருந்து வெளிச்சுவருக்கு மாற்ற அத்தனை நாள் வேண்டாம். நாற்பது வருஷத்துக்கு முன்னால் இரண்டு ஃபேனுக்கும் நான்கு பல்புக்கும் இழுத்த ஒயரில் இன்றைக்கு ஆறு ஏ.சி. ஓடுகிறது. அதைப் பிரித்து, ஏ.சி.க்குத் தனி லைன், சுமை கூடினாலோ மின்சாரம் கசிந்தாலோ தானே துண்டிக்கும் எம்.சி.பி., ஆர்.சி.சி.பி. சுவிட்சுகள் போடச் சொல்லுங்கள். படிக்கட்டுக்கு அடியில் மின்சார ஸ்கூட்டர் சார்ஜ் போடுவதை இன்று மாலையே நிறுத்தலாம். பழைய மெத்தைகள், பெயின்ட் டப்பா, காலி சிலிண்டர், இவற்றையும் அங்கிருந்து எடுத்துவிடுங்கள். பேட்டரியில் ஓடும் புகை அலாரம் தளத்துக்கு இரண்டு மாட்டுங்கள். மரப் படிக்கட்டு இருக்கும் வீடுகளில் இவையெல்லாம் இன்னும் அவசரம், ஏனென்றால் அங்கே வழியே விறகு.

நான் வேலை ஒப்புக்கொள்ளும் வீடுகளில் இப்போது ஒரு வழக்கம் வைத்திருக்கிறேன். உரிமையாளரை மேல்தளத்தின் கடைசி அறையில், கட்டிலில் உட்காரச் சொல்வேன். கண்ணை மூடிக்கொண்டு, ஒரு கையால் சுவரைத் தடவிக்கொண்டு, குனிந்தபடியே தெரு வரை போகச் சொல்வேன். நான் கூடவே போவேன், விழ விடமாட்டேன். போன மாதம் ஒருவர் பாதி வராந்தாவில் ஷூ ரேக்கில் இடித்தார், பிறகு வாஷிங் மெஷின், பிறகு வளைவில் உயரம் மாறிய ஒரு படி. கீழே வந்து கண்ணைத் திறந்ததும் பிளானைக் கேட்டு வாங்கி, அவரே பென்சிலால் ஒரு அறையை அடித்து, அங்கே படிக்கட்டு என்று எழுதினார்.

உங்கள் கட்டடத்திலும் வந்து பார்க்கத் தயாராக இருக்கிறேன். திருவல்லிக்கேணி, சேப்பாக்கம், ராயப்பேட்டை, மயிலாப்பூர் எங்கே இருந்தாலும், மே மாதம் முடியும் வரை ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கென்று ஒதுக்கி வைத்திருக்கிறேன். கட்டணம் வேண்டாம், வேலையை எனக்கே கொடுக்க வேண்டும் என்றும் இல்லை. பிளானையும், மொட்டை மாடிக் கதவின் சாவியையும் எடுத்து வையுங்கள்.

இப்படிக்கு,
உங்களில் பலருக்குத் தெரிந்த ஒரு கட்டடப் பொறியாளர்,
திருவல்லிக்கேணி